கேட்காமல் ஒரு வரியும் போடாதவர்

மேடையில் அமர்ந்திருக்கும் புல முதல்வர் முனைவர் எர்னான் விஸ்கார்ரா அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, சந்தைக் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் தோன்யா காசிமிரா அவர்களே, இணைய இதழியல் படிக்கும் என் பிள்ளைகளே, வணக்கம்!

பேராசிரியர் நியெவெஸ் குயிரோகா மறைந்துவிட்டார் என்று சொல்ல என் நாக்கு மறுக்கிறது. இந்தக் கோச்சபம்பா நகரில் அவர் தொடங்கிய இணைய இதழியல் படிப்பை அன்று யார் கேட்டார்கள்? "பேஸ்புக் பாக்கறதுக்கு எதுக்குங்க பட்டம்?" என்று இதே மன்றத்தில் சிரித்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று துக்க உடையில் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இருக்கட்டும், வந்ததற்கு நன்றி!

அம்மையார் அசரவில்லை. மாணவர்கள் எழுதிப் பழக 'நடைபாதை' என்ற இணைய இதழைத் தொடங்கினார். முதல் ஆண்டே வந்தது சோதனை! ஊரெங்கும் சாலை மறியல். பாலத்தில் மறியல் விலகிவிட்டதாக வாட்ஸப்பில் வந்ததை, நம் மாணவர் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே செய்தியாக ஏற்றிவிட்டார். அதை நம்பி லாரியைக் கிளப்பிய தோன்யா காசிமிரா பாலத்தில் மாட்டிக்கொண்டார். லாரியிலிருந்த தக்காளி அத்தனையும் அழுகிப்போனது. ஊர் திரும்பியவர் அழுகிய பெட்டியோடு நேரே வகுப்புக்கு வந்து மேசைமேல் கொட்டினார்.

"எந்த மகராசன்டா எழுதுனது? வந்து மோந்து பாரு!"

வேறொருவர் என்றால் காவலாளியைக் கூப்பிட்டிருப்பார். நியெவெஸ் என்ன செய்தார்? தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"உக்காருங்க தோன்யா. நடந்ததைச் சொல்லுங்க, இவங்க எழுதட்டும்." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினார். "பாலத்துல நிக்கிற ஒருத்தருக்காவது போன் போட்டுக் கேட்டீங்களா?"

அன்றே இதழின் முகப்பில், அந்தத் தக்காளியின் படத்தோடு, 'நாங்கள் சொன்னது தவறு' என்று வெளியிட்டார். கீழே தன் பெயரையே போட்டார்! அதன் பிறகு, சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் ஒரு வரியும் 'நடைபாதை'யில் ஏறியதில்லை. அடுத்த மறியலின்போது ஊர் எதைத் திறந்து பார்த்தது? அதோ, தோன்யாவே குரல் கொடுக்கிறார்: "உங்களதைத்தான் பாத்தேன், வேற எவனை நம்புறது?"

நண்பர்களே, அந்த இதழுக்குத்தான் இன்று ஆபத்து! விடுதிக் குடிநீரைப் பற்றி எழுதியதிலிருந்து அது சிலர் கண்ணை உறுத்துகிறது. நம் புல முதல்வர் அதை மூடப்போகிறார் என்று பேச்சு. மாணவி ரொசெந்தா அதைச் செய்தியாக எழுதி, மருத்துவமனைக் கட்டிலில் இருந்த அம்மையாரிடம் படித்துக் காட்டினாள். நானும் அருகில் இருந்தேன்.

"முதல்வரைக் கேட்டியாம்மா?"

"போனையே எடுக்க மாட்டேங்கிறாரு மேடம். அதுக்குள்ள மூடிட்டா?"

"மூடட்டும். மனுசனைக் கேக்காம அவரைப் பத்தி எழுதாதே. மறுபடி கூப்பிடு."

தன் வாழ்நாள் உழைப்பை அழிக்க வருபவருக்கும் பேச ஒரு வாய்ப்பு! எத்தனை பெரிய மனசு! அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை.

அம்மையாரே, உங்கள் பணியை நாங்கள் தொடர்வோம். அஞ்ச மாட்டோம், அவசரப்படவும் மாட்டோம். கேட்போம், கேட்டுவிட்டு எழுதுவோம்! அதோ, ரொசெந்தா போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல்வர் அவர்களே, உங்கள் சட்டைப் பையில் மணி அடிக்கிறது. எடுங்கள் ஐயா, நாங்கள் காத்திருக்கிறோம்.