ஆறுக்கு ஆறு பொருத்தம்

...அதெப்படிம்மா ரிஜெக்ட்டுன்னு எழுதுவாங்க? கூடப் பொறந்தவ குடுத்த கிட்னிய கூடப் பொறந்தவன் ஒடம்பு வேணாங்குதாம்! எங்கயாச்சும் கேட்டிருக்கியா நீ? உக்காரு, உக்காரு. ஒம் பேரு இன்னா சொன்ன... காயத்ரி. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவுலேந்து வர்ற. பாண்டிச்சேரிலேந்து ரெண்டு பஸ்சு மாறி, இந்தச் செம்மண்டலத்துல எஞ் சமையக்கட்டப் பாக்க வந்திருக்க. பாரு, நல்லாப் பாரு. ஆப்பரேஷனுக்கு அப்பறம் எந் தம்பி மூணு மாசம் இங்கதான் சாப்ட்டான். முந்தா நாளு கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரில கொண்டுபோயி போட்டோம். இப்ப என்னாத்த எழுதப்போற?

எழுதிக்க. மங்கலம், வயசு அம்பத்தொண்ணு, குடுத்தவ. எடது பக்கம். உத்திராபதி, வயசு நாப்பத்தஞ்சு, வாங்கினவன். சிதம்பரத்துல மிக்சி, கிரைண்டர் ரிப்பேரு பண்றான். ஊரு மிக்சியெல்லாம் சரி பண்ணவனுக்கு தங் கிட்னி ரெண்டும் ரிப்பேரு. ரெண்டாயிரத்துப் பத்து பொங்கலு முடிஞ்ச கையோட ஆப்பரேஷன். அதுக்கு முன்னாடி எங்கிட்ட எத்தினி ரத்தம் எடுத்தாங்க தெரியுமா? குழா குழாயா எடுத்துட்டு, பெரிய டாக்டரே வந்து எங்கையப் புடிச்சுக் குலுக்கினாரு. "ஆறுக்கு ஆறு பொருந்துதும்மா"ன்னாரு. எங் கல்யாணத்துக்கு ஜோசியரு பத்துக்கு ஆறுதான் சொன்னாரு. அதுலயே இருவத்தெட்டு வருஷம் ஓடிக்கினு இருக்கு. அப்ப ஆறுக்கு ஆறுன்னா எப்பிடி ஓடணும்? நீயே சொல்லு!

இதுல ஒங்க குட்டி டாக்டரு ஒருத்தரு, கண்ணாடி போட்டுக்கினு... அவுரு எங்கிட்ட எலி போட்டோ காட்டுறாரும்மா. வெள்ள எலி முதுகுல கருப்பு எலி தோல ஒட்ட வெச்சிருக்காங்களாம். ரெண்டு மாசமா விழாம ஒட்டிக்கினு இருக்காம். அவுருக்கு வாயெல்லாம் பல்லு. நான் கேட்டேன், "ஏந்தம்பி, அந்த எலி ரெண்டும் சொந்தமா?" "இல்லம்மா, வேற வேற குடும்பம்"ங்கறாரு. முன்னப்பின்ன தெரியாத எலி தோலு ஒட்டுது, அக்கா கிட்னி ஒட்டலியா? ஒரு எலிக்கு இருக்கற பெருந்தன்ம எந் தம்பிக்கு இல்லியா? நான் அங்கயே அழுதுட்டேன். அவுரு போட்டோவ பையில வெச்சிக்கினு போயிட்டாரு.

ரிஜெக்ட்டு எனக்கொண்ணும் புதுசில்ல. பொண்ணு பாக்க வந்தவன்ல நாலு பேரு ரிஜெக்ட். ஒருத்தன் கருப்புன்னான், ஒருத்தன் வாயாடின்னான், ஒருத்தன் பஜ்ஜிய தின்னுட்டு காரணமே சொல்லாம போயிட்டான். நாலாவது ஆளு... அவன வுடு. அவுங்கல்லாம் ஊரான். இவன் எங் கையப் புடிச்சு நடந்தவன்!

நானு திருவந்திபுரத்துல இவனுக்காக மொட்ட போட்டேம்மா. இதோ, இப்பத்தான் முளைக்குது, தொட்டுப் பாரு. வெண்மதிக்கு மட்டும் நீட்டு ஜட. வெண்மதி அவன் பொண்டாட்டி, சிதம்பரத்துல டீச்சரு. வேதக்காரங்க. சனிக்கெழமைக்கு சனிக்கெழம வருவா, பைபிள அவன் தல மேல வெச்சு ஜெபம் பண்ணுவா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. இப்ப எதுவும் சொல்றதில்ல.

அப்ப சொன்னேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்ன. வெண்மதியக் கட்டுனா ஒனக்கு அக்கா இல்லன்னு தெருவே கேக்கறாப்புல சொன்னேன். கல்யாணத்துக்குப் போவல. புள்ள பொறந்ததுக்கும் போவல. அப்பறந்தான்... எதுக்கோ போயி, எப்பிடியோ பேசிக்கினோம். அத அவன் ஒரு நாள் கூட சொல்லிக்காட்டல. காட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

அதான் பெரிய டாக்டரக் கேட்டேன். "ஐயா, வாய் மறந்துட்டாலும் ஒடம்பு மறக்காம வெச்சிருக்குமா?" அவுரு சிரிச்சிட்டு, "அதெல்லாம் இல்லம்மா, ஒங்க கிட்னிய அவுரு ஒடம்பு அந்நியம்னு நெனைக்குது"ன்னாரு. அந்நியம்! இவரு சிரிக்கிறாரு! எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. ஒரே வயித்துல பொறந்தவ அந்நியமாம், நேத்து வந்த பைபிளு அந்நியமில்லியாம். எழுதிக்க, அதயும் எழுதிக்க.

சரி, சரி, கேளு. சாப்பாடா? உப்பு கம்மி. தண்ணி கொதிக்க வெச்சு ஆற வெச்சது. வெளில ஒரு டீ கூட கெடையாது. மாத்திரை காலைல எட்டு, சாயந்திரம் எட்டு, அலாரம் வெச்சு நானே கைல குடுத்து, முழுங்கறானான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பேன். நீங்க குடுத்த நோட்டுல ஒரு நாளு வுடாம எழுதியிருக்கேன். அதனாலதான ஒங்க ஆளுங்க தலயப் பிச்சுக்கறாங்க? பொருத்தம் சரியா இருக்கு, மாத்திரை சரியா போவுது, அப்பறம் ஏன் ரிஜெக்ட்டுன்னு? இதுல ஆராய்ச்சிக் கட்டுரை வேற எழுதப் போறாங்களாம், எந் தம்பிய வெச்சு! பேரு போட மாட்டாங்களாம். அவ்ளோ ரத்தம் குடுத்தவ பேரு வேணாமா?

வேற மருந்தா? வேற ஒண்ணுமில்ல. நான் ஏன் மறைக்கறேன்?

ஆனா ஒண்ணு சொல்றேன், ஒங்க மாத்திரை மேலயே எனக்கு நம்பிக்க இல்ல. எம் பொண்ணு சுவேதா அந்த டப்பாக்குள்ள இருந்த இங்கிலீஷு பேப்பரப் படிச்சா. இந்த மாத்திரை ஒடம்போட எதிர்ப்பு சக்திய கொறைக்கும்னு போட்டிருக்காம்! எதிர்ப்பு சக்திய ஏத்தறதுக்குத்தான் டாக்டரு, கொறைக்கறதுக்கா? நானு யாருகிட்டயும் சொல்லல. அவுங்க கொறைச்சா கொறைக்கட்டும், நம்ம ஏத்திக்கினு போவோம்னு வுட்டுட்டேன்.

எப்பிடின்னா... சீந்தில் பொடிதாம்மா. கீழவீதில ஒரு நாட்டு மருந்துக் கடையில வாங்கியாந்தேன். எதிர்ப்பு சக்திக்கு இத வுட்டா வேற கெடையாதுன்னாரு கடக்காரரு. காலைல ஒரு ஸ்பூன், சாயந்திரம் ஒரு ஸ்பூன், மோருல கலக்கி, பெருங்காயம் போட்டு. கசக்குதுக்கான்னு கேப்பான், வேப்பம்பூன்னு சொல்லிடுவேன். மொத மாசம் வேளைக்கு ஒரு ஸ்பூன், அப்பறம் பத்தலன்னு ரெண்டா... ஏம்மா எழுதாம நிறுத்திட்ட?

நோட்டுல ஏன் எழுதலியா? நோட்டுல மருந்துன்னுதான போட்டிருந்துச்சு? இது செடி. கீரையயா எழுதுவாங்க?

ஏம்மா எந்திரிச்சிட்ட? ஒம் மூஞ்சி ஏன் இப்பிடி... இரு. இரு, மெதுவாச் சொல்லு. மாத்திரை அந்த சக்திய தூங்க வெக்கறது. அது தூங்குனாத்தான் கிட்னி பொழைக்கும். இந்தப் பொடி... எழுப்பி வுடுதா? நான் ஒரு பக்கம் மாத்திரையக் குடுத்து தூங்க வெச்சு, இன்னோரு பக்கம் மோர ஊத்தி எழுப்பிக்கினு இருந்தேனா? ஒரு நாளைக்கு ரெண்டு வேள?

ஐயையோ. ஐயையோ உத்திராபதி!

அந்தப் பொடி டப்பாவா? இந்தா, எடுத்துக்க, முழுசா எடுத்துக்க. யாருக்குப் போன் பண்ற? பெரிய டாக்டருக்கா? நாந்தான்னு சொல்லிடு. வெண்மதிய எதுவும் சொல்லிடப் போறாங்க, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது... என்ன சொல்றாரு? ஊசி போடறாங்களா? மூணு நாளு? காப்பாத்திடலாமா? இப்பயாச்சும் தெரிஞ்சதே நல்லதாமா? நெஜமாச் சொல்றாரா, சும்மா எனக்காகவா?

காயத்ரி, ஒரே ஒரு நிமிஷம்மா. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு அவுருகிட்ட. அப்ப... அவன் ஒடம்பு எம் மேல கோச்சிக்கல? பழசெல்லாம் அதுக்குத் தெரியாது? பொடிதானா, வெறும் பொடிதானா?

ஏம்மா, நில்லேன்! செருப்பக் கூட சரியாப் போடல. நில்லு, பொடவ மாத்திக்கினு நானும் வர்றேன். வெண்மதிக்கு நானே சொல்லணும், அவ கால்ல வுழுந்தாவது... காயத்ரி! அட, டப்பாவோட கெளம்பிட்டாளே. அவ்ளோ வேகமா நடக்கறா.

ஏ ஆட்டோ! ஆட்டோ! இங்க, இங்க. பாண்டிச்சேரி வருவியாப்பா? எந்த ஆஸ்பத்திரியா, சொல்றேன், மொதல்ல ஓட்டு. எந் தம்பி கெடக்கான் அங்க. நாந்தாம்பா கிட்னி குடுத்தேன் அவனுக்கு. கெடுத்ததும் நாந்தான். ரெண்டு வேளயும், அளந்து அளந்து, எங் கையால... ஏன் அழுவறேனா? அழுவலப்பா. அவன் என்னய வேணாங்கல, அதான். நீ திரும்பிப் பாக்காத, ரோட்டப் பாத்து ஓட்டு.