நட்டின் மேல் வெள்ளைக் கோடு

கிட்ட வா மஹ்பூபா, ஃபேனுக்கு நேராக உட்கார். கடலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாய், முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கிறது. இந்த மோரைக் குடி. குடித்து முடி, ஒரு கதை சொல்கிறேன். நீ கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்தான். அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வாய். உள் அறையில் பொற்கொடி படுத்திருக்கிறாள், அதனால் கொஞ்சம் தணிவாகப் பேசுகிறேன்.

உன் வீட்டுக்காரர் நிஜாமுதீன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது கண்ணு. ஷோரூம் மெக்கானிக்குகளில் அவ்வளவு பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. சர்வீசில் சக்கரத்து நட்டைச் சரியாக இறுக்காமல் அனுப்பிவிட்டார் என்று அவர் வேலை போனதும், கேஸ் நடப்பதும் எனக்குத் தெரியும். போலீஸ் எடுத்த போட்டோவில் நட்டுகளின் மேல் வெள்ளை பெயின்ட்டில் கோடு இருக்கிறது, ஷோரூமில் யாரும் கோடு போடுவதில்லை, அது யார் போட்டது என்று கேட்கிறாய். கேட்கவேண்டிய கேள்வி. ஆறு மாதமாக வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் வேலுமணி மைன்ஸில் ஃபிட்டர். மண் அள்ளுகிற பெரிய லாரிகள் இருக்கிறதே, ஆள் உயரத்துக்கு மேல் சக்கரம், அதைக் கழற்றி மாட்டுகிற வேலை. நட்டை இறுக்கி முடித்ததும் நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து வெள்ளையாக ஒரு கோடு இழுப்பார். அப்புறம் நட்டு ஒரு நூல் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். கோடு நேராக இருந்தால் வண்டியை நம்பி ஏறலாம். அவ்வளவுதான் விஷயம். வீட்டில் ஒரு பழைய கார் வைத்திருந்தார், அதற்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையானால் குவார்ட்டர்ஸ் வாசலில் அந்தக் காருக்கு அடியில்தான் கிடப்பார். நான் டார்ச் பிடிப்பேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். அவருக்குத் தோள்பட்டை வலி வந்த பிறகு அவர் டார்ச் பிடித்தார், நான் அடியில் படுத்தேன். பொற்கொடி சின்னப் பிள்ளை, பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கோடு போடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு போடுவாள். பதினெட்டு வருஷம் அந்தக் கார் ஒரு மெக்கானிக் கடை வாசலை மிதித்ததில்லை.

அவர் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவர் இடத்தில் பொற்கொடிக்கு ஆபீசில் வேலை கொடுத்தார்கள். பர்மனென்ட். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியாது. கம்மாபுரம் பக்கம் மைன்ஸுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இருபது வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே மண் சுமக்கிறவனைக் கேள், சொல்லுவான். இந்த வீடு, இந்த வேப்பமரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாமே அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புதுக் கார் எடுத்தாள். எடுத்த அன்றைக்கே நான் பானெட்டைத் தூக்கினேன். ஓடி வந்து மூடினாள்.

"ம்மா, வாரண்டி முடியற வரிக்கும் உள்ள யாரும் கை வெக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் கடலூர் ஷோரூம்தான்."

"உங்கப்பா கை பட்ட வண்டி பதினெட்டு வருஷம் ஓடுச்சிடி."

"ஓடுச்சி, ஓடுச்சி. சேத்தியாத்தோப்பத் தாண்டி எங்கம்மா ஓடுச்சி? பாதி நாளு செங்கல்லு மேல நின்னுகினு இருந்துச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனாலும் அப்பா பெண்தான். சக்கரத்து மூடி நாலையும் முதல் நாளே கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டாள். நட்டு கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது அவள் அப்பா பேச்சு. வண்டியில் ஏறுமுன் நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பார்க்காமல் ஏறமாட்டாள்.

அப்புறம் ஓசூரில் ஏதோ கம்பெனியில் கூப்பிட்டார்கள். பர்மனென்ட் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். "நீயும் வாம்மா" என்றும் சொன்னாள், அதை மறைக்கமாட்டேன். அங்கே மாடி வீடுகள்தான் கிடைக்குமாம். அங்கே எனக்கு யாரைத் தெரியும்? விடியற்காலை எழுந்து எந்த வாசலைத் தெளிப்பேன்? "இங்கியே இருந்தா எனக்கு மூச்சு முட்டுதும்மா" என்றாள். முப்பத்தோரு வயசு வரைக்கும் முட்டாத மூச்சு.

இன்டர்வியூவுக்குக் கிளம்பின அன்று வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பாட்டரி ஒயரை நான்தான் தளர்த்தி வைத்திருந்தேன். உன் வீட்டுக்காரர் கடலூரிலிருந்து வந்து இரண்டு நிமிஷத்தில் சரி செய்தார். நேரமாகிவிட்டது, அவள் போகவில்லை. ஓசூர்க்காரர்கள் போனிலேயே பேசி எடுத்துக்கொண்டார்கள். வீடு பார்க்கப் போகிறேன் என்று கிளம்பின அன்றைக்கு ஒரு ஃபியூஸை எடுத்து அரிசி டப்பாவில் போட்டேன். இந்த முறை நிஜாமுதீன் சீக்கிரம் கிளம்பவில்லை. நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

"அம்மா, வூட்ல வேற யாருனா பானெட்ட தெறக்குறாங்களா? ஃபியூஸு தானா கழண்டு வுழாதும்மா. வெளியாளு கை பட்டா வாரண்டி போயிடும், அதுக்காவத்தான் கேக்குறேன்."

"நாங்க ரெண்டு பொம்பளைங்க இருக்குற வூடுப்பா" என்றேன்.

பொற்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க வேலையில இருக்குற கோளாற எங்க தலையில கட்டாதீங்க சார்" என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார், அந்த மாதிரி மனுஷன்.

தை மாசம், திங்கட்கிழமை விடிகாலை கிளம்புவதாக முடிவு. அதற்காகச் சனிக்கிழமை ஷோரூமில் முழு சர்வீஸ், சக்கரத்தையெல்லாம் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள். நிஜாமுதீன் கையெழுத்துப் போட்ட சீட்டை என்னிடம் காட்டினாள். "இதான்ம்மா வாரண்டி. நாளைக்கி ஏதானா ஒண்ணு ஆனா பொறுப்பு அவங்களுது" என்றாள். அந்தப் பேச்சு என் மனசில் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். பிளாக் முழுக்கக் கறிக்குழம்பு வாசனை, எல்லா வீட்டிலும் டிவி. நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்கெட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டு அம்சவல்லி மாடியில் துணி எடுக்க வந்தாள்.

"இன்னாக்கா, வெயில்ல கார் கழுவிகினு இருக்கீங்க? பொண்ணு சம்பளம் தருதா?"

"நாளைக்கி தூரம் போவுது அம்சா. வண்டி சுத்தமா போவட்டும்."

"குடுத்து வெச்சவ. எங்க வூட்லயும் ஒருத்தன் இருக்கானே, நான் செத்தா எழுந்து பாப்பானோ என்னமோ."

அவள் உள்ளே போனதும் இடது பக்கம் முன் சக்கரத்து நாலு நட்டையும் தளர்த்தினேன். ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் என் எடைக்குத் திரும்பும், என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்ததுதான். மந்தாரக்குப்பம் தாண்டுவதற்குள் சக்கரம் ஆடும், சத்தம் கேட்கும், பயந்துகொண்டு திரும்பி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஷோரூமின் மேல் இருந்த நம்பிக்கையும் போகும். அதுதான் நான் நினைத்தது, சத்தியமாக அதற்கு மேல் நினைக்கவில்லை.

கோடு ஏன் போட்டாய் என்று கேட்பாய். பழக்கம் கண்ணு. நட்டில் கை வைத்துவிட்டுக் கோடு இழுக்காமல் எழுந்திருக்க என் கைக்குத் தெரியாது. அவருடைய டப்பாவில் அடியில் கொஞ்சம் பெயின்ட் இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் குழைத்தேன். நாலு சக்கரத்துக்கும் போட்டேன். ஒன்றுக்கு மட்டும் போட்டால் அவள் கண்ணில் உறுத்தும்.

விடிகாலை அவள் வழக்கம்போல வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் பூவாட்டம் இருந்தது.

"பாத்தியாம்மா, ஷோரூம்ல கூட அப்பா மாதிரியே கோடு போட்டு அனுப்பிச்சிருக்காங்க. நீதான் அவங்கள நம்பவே மாட்டேன்னு நின்ன."

சொல்ல வாயெடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாகக் கிளம்புகிற பிள்ளையின் முகத்தை வாட வைக்க மனசு வரவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பக்கத்து சீட்டில் வைத்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன்.

மந்தாரக்குப்பத்தில் சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. வந்தும், கோடு நேராக இருந்ததே என்று நம்பி ஓட்டினாளா, அதுவும் தெரியவில்லை. கம்மாபுரம் போகிற வழியில் சக்கரம் தனியாக ஓடி நாற்றங்காலில் விழுந்தது. கார் வாய்க்காலில் உருண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புக்குக் கீழேதான் உணர்வு இல்லை.

அழாதே. நான் அழுகிறேனா பார்.

கம்பெனி கைவிடவில்லை. பர்மனென்ட் என்றால் சும்மாவா? உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். தினம் காலையில் நான்தான் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவள் வேலை முடிகிற வரைக்கும் ஆபீஸ் வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். சாயந்தரம் கூட்டிக்கொண்டு வருவேன். அவளைக் குளிப்பாட்டுவது நான், தலை சீவுவது நான். அவள் அஞ்சாவது படிக்கும்போதுதான் கடைசியாகச் சீவிவிட்டது. ஓசூரில் சேர்ந்துவிட்டு அனுப்பலாம் என்று அவள் எழுதி வைத்த ராஜினாமா லெட்டர் அப்படியே பீரோவில் இருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, "எங்க அம்மாவுக்குக் கார்ல ஒண்ணும் தெரியாது சார்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். என் மேல் அவ்வளவு பாசம். நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து ஒரே ஒரு பழக்கம் மட்டும். காலையில் நான் தூக்கி நாற்காலியில் வைப்பதற்கு முன்னால், கட்டிலிலிருந்து கையை நீட்டி நாற்காலிச் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்ப்பாள். தினமும். அப்பா பழக்கம், அவளை விட்டுப் போகவில்லை.

கோர்ட்டில் இதைச் சொல்லச் சொல்கிறாயா? நான் உள்ளே போய்விட்டால் அவளை யார் தூக்கி வைப்பார்கள், சொல்லு. அது அவளுக்கும் தெரியும். நீ போய்ச் சொல்லேன், நான் தடுக்கவில்லை. அறுபத்தெட்டு வயசுக் கிழவி ஸ்பேனர் மேல் ஏறி நின்றாள் என்றால் யார் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டாய், உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை, அதனால் சொன்னேன்.

எழுந்துவிட்டாயா? இரு, குங்குமம் நீ வைக்கமாட்டாய், இந்தப் பூவையாவது எடுத்துக்கொள். கதவு கொஞ்சம் இறுக்கம், தூக்கித் திறக்கவேண்டும். நிஜாமுதீன் இப்போது வேலைக்குப் போகாமல் வீட்டோடுதான் இருக்கிறார் என்றாயே, உன் கண் எதிரிலேயே இருக்கிறார், அதை நினைத்துப் பார். நல்லா இரு தாயி. உன் வீட்டு வாசலைத் தாண்டி ஒருத்தரும் தூரமாகப் போகாமல், எல்லாரும் எந்நாளும் உன் கை எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும்.