சாமிதுரை தாண்டிய நெருப்பு

என் மனைவி வேம்புக்கு வெக்கை ஆகாது. கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அடுப்படியில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் நின்றாலே தலை சுற்றும், குமட்டும் என்பாள். அதனால் நான் வேலை பார்க்கும் சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் அவள் வந்ததே கிடையாது. மத்தியானச் சோற்றை யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். நானும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததை யாரிடமும் வற்புறுத்தக் கூடாது.

ஐயா, சாமிதுரை செத்ததை உங்கள் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பார்த்தவர்கள் சொன்னதைத்தானே எழுத முடியும். நான் அப்போது சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. ஏட்டையா கேட்டு எழுதினால் அவர் வார்த்தை கலந்துவிடும். அதனால் நானே எழுதித் தருகிறேன். முதியோர் பள்ளியில் நாற்பது வயசுக்கு மேல் படித்த எழுத்து இது. மெதுவாக வாசித்தால் விளங்கும்.

ராசாங்கம் முதலாளியின் காளவாய் குன்னம் போகிற ரோட்டில் இருக்கிறது. கிணற்றைத் தலைகீழாகத் தரைக்கு மேலே கட்டியது போல் ஒரு வட்டச் சுவர். அதற்குள் சுண்ணாம்புக் கல்லை அடுக்கி, அடியிலிருக்கிற வாய் வழியாக விடாமல் நெருப்புப் போட வேண்டும். அந்த வாயில் நிற்கிற வேலை என்னுடையது. கல்யாணத்துக்கு முந்தியே அந்த வேலைக்கு வந்துவிட்டேன். என் புருவம் ஒழுங்காக முளைத்து நின்றதே இல்லை.

உடையார்பாளையத்திலிருந்து வண்டியில் முந்திரிக்கொட்டைத் தோடு வரும். அதற்குள் எண்ணெய் இருப்பதால் விறகைவிட நன்றாக எரியும். அதைச் சிறு சட்டியில் அள்ளி அள்ளித்தான் போட வேண்டும். போட்டதும் நெருப்பு சட்டென்று அடங்கிவிடும். கறுப்பாகப் புகை சுருளும். புதுசாகப் பார்க்கிறவர்களுக்கு அணைந்துவிட்டது போல் இருக்கும். அது அணைவதில்லை, மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த நேரத்தில் பக்கச் சுவரோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். நெருப்பு ஒரு ஆள் நீளத்துக்கு வெளியே பாய்ந்துவிட்டு உள்ளே திரும்பும். திரும்பிய பிறகு கோலை எடுத்துக்கொண்டு போய்க் கிளறலாம். எங்கள் வேலையில் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இதைச் சொல்லாமல் யாரையும் வாய்க்கு முன்னால் விடமாட்டோம்.

சாமிதுரை கல் சுமக்கிறவன். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், ஒரே தெரு. நல்லவன்தான். தலையில் கல் கூடை இருக்கும்போதே யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டு போவான். என்னை அண்ணே என்பான், வேம்புவை அண்ணி என்பான். அவனுடைய பெண்சாதி ஆண்டாயியும் வேம்பும் ஒன்றாகத்தான் களையெடுக்கப் போவார்கள். எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது கிடையாது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன மாசி மாசம் லெப்பைக்குடிக்காட்டு சாகுல் ஹமீது சவுதியிலிருந்து லீவில் வந்தார். அவர் வீட்டு மாடி வேலைக்கு எங்கள் சுண்ணாம்பு போனது. மூட்டை இறக்கப் போன சாமிதுரை பொழுது சாய்ந்துதான் திரும்பினான். கலர் டி.வி.யோடு ஒரு பெட்டி கொண்டுவந்திருக்கிறாராம். அதில் வயர் வைத்த கைப்பிடி இருக்கிறதாம். கைப்பிடியை அசைத்தால் டி.வி.க்குள் இருக்கிற ஆள் ஓடுவானாம், குதிப்பானாம். வீடியோ கேம் என்று பெயராம். சும்மா பார்க்கப் போனவனைச் சாகுல் ஹமீது உட்காரவைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வேம்பும் போனோம். ஆண்டாயி சொன்னாள் என்று அவள்தான் கூப்பிட்டாள். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக டி.வி.யை வைத்திருந்தார்கள். வெளியே அவ்வளவு கூட்டம். உள்ளேயிருந்து சாகுல் ஹமீதின் மனைவி நஜ்முன்னிசா, "டி.வி. கொண்டாந்தீங்களா, தெருவையே கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

விளையாட்டு என்னவென்று சொல்கிறேன். ஒரு கோட்டை. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஆள். தரையிலுள்ள குழிகளிலிருந்து நெருப்பு எழும்பும், தணியும், மறுபடி எழும்பும். தணிகிற நேரம் பார்த்துத் தாண்ட வேண்டும். தாண்டத் தாண்ட வேகம் கூடும். கடைசி அறையில் பாம்பு மாதிரி ஒன்று வாயால் நெருப்பு ஊதும். ஆளுக்கு மூன்று உயிர். வெந்து விழுந்தவன் அடுத்த நிமிஷம் மினுமினுவென்று எழுந்து நிற்பான். இதில் என்ன வீரம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கவில்லை.

மற்றவர்கள் இரண்டாம் குழியிலேயே வெந்தார்கள். சாமிதுரை மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி போய்க்கொண்டே இருந்தான். சாகுல் ஹமீது தொடையைத் தட்டி, "மாஷா அல்லாஹ், ரியாத்துல எங்க ரூம்ல இருக்க பயலுவகூட இதத் தாண்டுனதில்ல. நெருப்பு இவருகிட்ட பேசுதுய்யா" என்றார். ஜன்னலில் நின்ற கூட்டம் கை தட்டியது. வேம்பு முன்னால் நின்றாள். பங்குனி வெயில் நேராக அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையைக்கூடத் தலையில் போட்டுக்கொள்ளவில்லை.

"கொளஞ்சி, நீங்கதான காளவாயில நெருப்புக்கு நிக்கிறவரு. வாங்க, உக்காருங்க" என்று சாகுல் ஹமீது என்னைக் கூப்பிட்டார்.

வேண்டாம் என்றேன். சாமிதுரை எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்தான். "அட வாங்கண்ணே, நெசமான நெருப்பே உங்களுக்குப் பயப்படுது. இது என்ன பண்ணிடப் போவுது" என்றான்.

மூன்று உயிரும் முதல் குழியிலேயே போயின. என் விரல்கள் காய்த்தவை. அந்தக் கைப்பிடி அவற்றுக்கு ஒரு பல்குச்சி மாதிரி இருந்தது. ஜன்னலில் யாரோ, "காளவாய்க்காரரே வெந்து சுண்ணாம்பா போயிட்டாரு, வெத்தல எடுங்கடா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேம்பு மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கடைசி அறையில் சாமிதுரை எப்படிப் பின்னால் நகர்ந்து முன்னால் பாய்ந்தான் என்று கையால் காட்டினாள். "என்னா ஒரு தகிரியம்" என்றாள்.

"அது டி.வி. பெட்டி" என்றேன்.

"தெரியுது. இருந்தாலும் நெருப்புதான" என்றாள்.

அதன் பிறகு அவள் போகாத ஞாயிறு இல்லை. சாமிதுரை எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரவைத்து விசாரிப்பாள். நெருப்பு எப்போது இறங்கும் என்று எப்படித் தெரிகிறது, கண்ணால் பார்த்தா, மனசுக்குள் எண்ணியா என்று கேட்பாள். அவன் விளக்கமாகச் சொல்வான். "அண்ணி, அதுக்கு ஒரு தாளம் இருக்கு. தணியும், அப்ப மெரளாம உள்ள போயிடணும். நின்னு யோசிச்சா வெந்தோம்" என்பான். அவள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். என்னிடம் அவள் நெருப்பைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி, வேட்டியில் பொத்தல் எப்படி விழுந்தது என்பதுதான்.

இதைப் பொறாமை என்று எழுதிவிட வேண்டாம். வேம்புக்கும் அவனுக்கும் நடுவில் தப்பாக ஒன்றுமில்லை. கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்வேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் அது வேறு விஷயம், பஞ்சாயத்தில் வைத்துப் பேசித் தீர்த்திருக்கலாம். இதை எந்தப் பஞ்சாயத்தில் வைத்து என்னவென்று சொல்ல முடியும்?

தெருவில் அவனை நெருப்பு சாமிதுரை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடையில், குழாயடியில், பஸ்ஸில் எல்லாம் அதே பேர். ராசாங்கம் முதலாளியும் ஒரு நாள் சாகுல் ஹமீது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காளவாயில் எல்லோர் முன்னாலும், "ஏம்ப்பா கொளஞ்சி, இவன எதுக்கு நாம கல்லு சொமக்க வச்சிருக்கோம்? வாயில நிக்க வுட்டா நெருப்பு தானா எரியுமே" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். சாமிதுரை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் என்னிடம் வந்தான். "அண்ணே, எனக்குக் கழுத்து வலி தாங்கல. கூடைய எறக்கி வச்சிட்டு உங்ககூட நிக்கிறன். சொல்லிக் குடுங்க" என்றான்.

சரி என்றேன். அவன் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னது கிடையாது.

வீட்டில் அன்றைக்கு வேம்பு, "இனிமே நெசமாவே தாண்டப் போறாரா?" என்று கேட்டாள். முகம் அப்படி இருந்தது. கல்யாணத்தன்று பொண்ணழைப்பு வண்டியிலிருந்து இறங்கும்போது ஒருதரம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அப்போது அது என்னைப் பார்த்து அல்ல, மேளக்காரரைப் பார்த்து.

காலையில் வேலையைக் காட்டினேன். விறகை எப்படி நீட்டுவது, சாம்பலை எப்படி வாருவது, கோலை எந்தப் பக்கம் பிடிப்பது, எல்லாம் ஒழுங்காகவே காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான். வெயில் ஏறும்போது தோடு போடுகிற நேரம் வந்தது. கல் சுமக்கிறவர்களுக்கு மேல்பக்கம்தான் வேலை என்பதால், கிட்டத்தில் நின்று அவன் முதல் தடவையாகப் பார்க்கிறான்.

"அண்ணே, போட்டதும் என்னா பண்ணும்?" என்று கேட்டான்.

"தணியும்."

"தணிஞ்சதும்?"

"உள்ள போயிக் கெளறி வுடணும். நீ டி.வி.ல பண்றதுதான், வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தெரிந்த வேலை என்று ஆகிவிட்டதில் அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சட்டியை எடுக்கவில்லை. கூடை நிறையத் தோட்டை அள்ளி மொத்தமாக வாய்க்குள் தள்ளினேன். அப்படி யாரும் தள்ளமாட்டார்கள். தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். நெருப்பு அடங்கியது. அன்றைக்கு அடங்கினது போல் என்றைக்கும் அடங்கிப் பார்த்ததில்லை, வாயே இருட்டிவிட்டது. சாமிதுரை கோலைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு பார்த்தான். தாளம் பார்க்கிறான் என்று தெரிந்தது. பிறகு மிரளாமல் உள்ளே குனிந்தான். ஒரு சொல் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஐயா அதைக் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். இருந்தது.

நான்தான் முதலில் ஓடிப்போய்ச் சாக்கைப் போட்டு அணைத்தேன். இந்தக் கைக் காயம் அப்போது பட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோகும்போதும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவனுக்கு நினைவு இருந்தது. விசாரிக்க வந்த உங்கள் ஆளிடம், "அண்ணன் நல்லாதான் சொல்லிக் குடுத்தாரு. நாந்தான் நேரம் தப்பிட்டன்" என்று அவனே சொன்னான். அதைத்தான் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். மறுநாள் பொழுது விடிவதற்குள் போய்விட்டான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்கமாட்டேன்.

துக்கத்துக்கு வந்த சாகுல் ஹமீது தெருவில் நின்று எல்லோரிடமும், "பயங்கறதே இல்லாத மனுசன். அந்தக் குழிக்குள்ள குனிய நம்மளால முடியுமா?" என்றார். அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. காளவாயையே எதிர்த்து நின்றானாம். ஒரு நொடிதான் தப்பிவிட்டதாம். ஆண்டாயிகூட அழுகைக்கு நடுவில் அதைச் சொல்லித்தான் ஒப்பாரி வைத்தாள். பதினாறாம் நாள் முடிந்த பிறகு வேம்பு காளவாய்க்கு வந்தாள். நான் வாயில் நின்று நெருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். நேராக வந்து, "எங்க நின்னாரு?" என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தில் நின்றாள். நல்ல வெக்கை. வேர்த்துக் கொட்டியது. தலை சுற்றவில்லை, குமட்டவில்லை. என் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

அன்று வீட்டில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. கூடை, தோடு, நான் சொன்ன வார்த்தை, சுவரோரம் நின்றது எல்லாம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல், "செத்தவரு பேருல பங்கு கேக்குறியளா? உங்களுக்கு அந்தத் தகிரியமெல்லாம் ஏது" என்றாள். முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனாள்.

அதனால்தான் வந்தேன். மனசாட்சி உறுத்துகிறது, ராத்தூக்கம் இல்லை என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கும் அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமிதுரை தானாக எதையும் எதிர்த்துச் சாகவில்லை. அவனை நெருப்புக்குக் கொடுத்தது நான். எனக்குத் தெரிந்த நெருப்பைக் கொண்டு, எனக்குத் தெரிந்த நேரத்தில், கொளஞ்சியாகிய நான் கொடுத்தேன்.

என்ன தண்டனை என்றாலும் சரி. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேம்புவை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, எதிரில் உட்காரவைத்து, இதை முழுசாக வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வாயால் சொன்னால் நம்புவாள். வாசிக்கும்போது என்னையும் அங்கே நிறுத்துங்கள், அவளுக்கு முகம் தெரிகிற மாதிரி.