பித்தப்பையும் நாத்தனார் வாயும்

— வலி எங்கேன்னு அவங்க சொல்லட்டும்மா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.

— அவங்க எங்க டாக்டர் சொல்லப் போறாங்க? எங்கண்ணி வாயைத் திறக்கிறது கொட்டாவி விடறதுக்கு மட்டும்தான். வலது பக்கம், விலாவுக்குக் கீழ. அங்கேருந்து தோள்பட்டை வரைக்கும் இழுக்குதாம். வாயுன்னு சொல்லி ரெண்டு சோடா குடிச்சதுதான் மிச்சம்.

— நீங்க யாரு?

— நாத்தனாருங்க. புருசன் போய்ச் சேர்ந்ததுலேருந்து அண்ணன் வீட்டோடதான் இருக்கேன். அந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு கொசு நுழைஞ்சிட முடியாது.

— பித்தப்பையில கல்லு. ஸ்கேன்ல பார்த்தா நல்லா வீங்கியிருக்கு, காய்ச்சல் வேற. இன்னைக்கே எடுத்தாகணும். எத்தனை குழந்தைங்கம்மா?

— மூ...

— மூணு! மூணும் பொண்ணு. நாலாவதுக்குத்தான் எங்கண்ணன் தவம் கிடக்கிறாரு.

— அவங்களைக் கேட்டேன். உங்க அம்மாவுக்கு இந்தத் தொந்தரவு இருந்துச்சா?

— இருந்துச்சு டாக்டர். எங்கக்காவுக்கும்.

— சமீபத்துல எடை ஏதும் வேகமா குறைஞ்சுதா?

— குறைஞ்சுதாவா? ராத்திரிச் சோறையே பார்க்கிறதில்ல. உடம்பு இளைச்சாத்தான் கரு தங்கும்னு எங்கண்ணன் சொன்னாராம். பெரிய வைத்தியரு!

— பட்டினி கிடந்து இளைச்சாலும் கல்லு வரும்மா. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?

— இல்ல.

— யோசிச்சுச் சொல்லுங்க. மயக்க மருந்து குடுக்கிறதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சாகணும்.

— இல்லைங்க டாக்டர்.

— கவலையே வேணாம் டாக்டர். எங்கண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். சமையக்கட்டு அலமாரியில, டப்பா இடுக்குல, எந்த மாத்திரை அட்டை கண்ணுல பட்டாலும் வாரிப் போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன். இப்ப வந்துருவாரு.

— ஐயோ! உன்னை யாரு சொல்லச் சொன்னா?

— ஏன் அண்ணி, முகம் ஏன் இப்படிப் போகுது?

— டாக்டர், இவளை வெளிய அனுப்புங்க.

— நான் எதுக்குப் போகணும்? எனக்குத் தெரியாம அப்படி என்ன ரகசியம்?

— சரி, நின்னு கேளு. நேரமில்ல. கர்ப்பம் தரிக்காம இருக்கிற மாத்திரை, டாக்டர். மூணாவது பொறந்ததுலேருந்து சாப்பிடுறேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா நானும் பிள்ளைங்களும் தெருவுலதான்.

— அந்த மாத்திரையும் கல்லு சேர ஒரு காரணமா இருக்கலாம்மா. அது மட்டுமில்ல, ஆபரேஷன் சமயத்துல கால்ல ரத்தம் உறையற ஆபத்து இருக்கு. அதுக்குத் தனியா ஊசி போடணும். நல்லவேளை சொன்னீங்க.

— அடிப்பாவி அண்ணி! எங்கண்ணன் மாசாமாசம் நாள் எண்ணிக்கிட்டிருக்காரு, நீங்க என் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டீங்களே!

— எவ்வளவு வேணா திட்டு. கடைசிப் பிரசவத்துல என் உயிர் போய் வந்ததைப் பக்கத்துல நின்னு பார்த்தவதானே நீ? அவரு வந்தா சொல்லிடுவியா?

— செருப்புச் சத்தம் கேக்குது. அண்ணன்தான்.

— டாக்டர், வீட்டுல இருந்த மாத்திரை எல்லாம் இதுல இருக்கு. இந்த ஒரு அட்டையை மட்டும் என்னன்னு கீழ மருந்துக்கடையில கேட்டேன். சொல்லிட்டுச் சிரிக்கிறான். ஏய், உன்னைத்தான், கண்ணைத் திற! யாருது இது?

— பேஷண்ட்டை மிரட்டாதீங்க சார். வெளிய நில்லுங்க.

— என் பொண்டாட்டியக் கேக்கிறேன். யாருதுடி?

— என்னோடதுண்ணே. கை ஓங்குறதை வீட்டுக்கு வந்து ஓங்கு. மொதல்ல அண்ணி ஆபரேஷனுக்குக் கையெழுத்தைப் போடு.