பரணில் இருந்தவரும் ஏணியை எடுத்தவரும்

பெயர்: லோர்னா வெசலி. வயது: 58. கணவர் பெயர்: டுவேன் வெசலி. தொழில்: பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முகவரி: ஹார்லன் சாலை, பைன் ஹாலோ, விஸ்கான்சின் மாநிலம். 2011 நவம்பர் 21 திங்கள் காலை 10 மணிக்கு, மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், துணை ஷெரிஃப் சோமர் விசாரிக்கச் சொன்னதாவது:

நான் மேற்படி முகவரியில் முப்பத்து மூன்று வருடங்களாகக் குடியிருக்கிறேன். எங்கள் காட்டுக்குக் கிழக்கே ரோலண்ட் ஹாப்ட் என்பவரின் காடு உள்ளது. மற்ற மாதங்களில் அவரும் என் கணவரும் சாலையில் பார்த்தால் வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக்கொள்வதோடு சரி. நவம்பரில் மான் வேட்டைக்கான ஒன்பது நாட்கள் வந்தால் மட்டும் இருவருக்கும் மண்ணின் மேல் பக்தி வந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் ஹாப்ட் சர்வேயரை வைத்து அளந்ததில், பழைய முள்கம்பி வேலி அவர் நிலத்துக்குள் பதினோரு அடி தள்ளி நிற்பதாகத் தெரிந்து, வேலிக்கு எங்கள் பக்கமாக இரும்பு முளை அடித்தார். அந்தப் பதினோரு அடியில் கல்லும் முள்ளும் ஒரு ஓக் மரமும் உள்ளன. அந்த மரத்தில்தான் என் கணவர் உட்கார்ந்து மான் சுடும் பரண் இருந்தது. பரணைக் கழற்றச் சொல்லி ஹாப்ட் இரண்டு கடிதம் போட்டார். ஒன்றைக் கணவர் அடுப்பில் போட்டார். மற்றதை மடித்துச் சமையலறை மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை இப்போது ஆடுவதில்லை.

கடந்த சனிக்கிழமை, வேட்டையின் முதல் நாள், கணவர் காலை ஐந்து மணிக்குத் துப்பாக்கியுடன் போனார். ஏழே முக்காலுக்கு எனக்குப் போன் செய்தார்.

"அந்த ஹாப்ட் நாய் என் ஏணியப் புடுங்கிக் கீழ போட்டுட்டு மரத்தடியில உக்காந்திருக்கான். கொட்டகையில இருக்குற ஏணியக் கொண்டா."

"புடுங்குற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்த? தூங்கினியா?"

போனை வைத்துவிட்டார். அவர் பரணில் தூங்குவது ஊரறிந்த விஷயம். அன்று வெளியே கடுங்குளிர். நான் உடனே கிளம்பவில்லை. காபியைக் குடித்து, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கேட்டீர்கள், சொல்கிறேன்.

அதன் பிறகு எட்டரை மணிக்கு ஏணியுடன் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஹாப்ட் மடக்கு நாற்காலியில், கணவரின் ஏணி மேல் கால்நீட்டி, பிளாஸ்கிலிருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது ஆள், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்.

"லோர்னா, ஏணிய வைக்காத. அதோட கால் என் மண்ணுல படும். அத்துமீறல்னு கேஸ் போடுவேன்" என்றார்.

"அவன்கிட்ட என்னடி பேச்சு? வையி!" என்று கணவர் மேலிருந்து கத்தினார்.

"வேணும்னா பறந்து எறங்கட்டும். காத்து யாருக்கும் சொந்தமில்ல" என்றார் ஹாப்ட்.

"உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூளைதான் இருக்கு. அது யார் பக்கம் விழுந்து கெடக்குன்னு மொதல்ல சர்வே பண்ணுங்க" என்றேன்.

ஏணியைப் பார்த்ததும் கணவர் இறங்குவதற்காக, விழாமலிருக்க மரத்தோடு கட்டியிருந்த இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆண் மான் புதரை விட்டு வெளியே வந்து நின்றது. இருவரும் உடனே வாயை மூடினார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான். கணவர் பரண் விளிம்பில் எழுந்து நின்று சுட்டார். மான் விழுந்தது. துப்பாக்கி உதைத்ததில் அவரும் விழுந்தார், பதினைந்து அடி, முதுகு கல்லில் படும்படி.

ஹாப்ட் எழுந்து அவரைப் பார்த்தார். பிறகு மானைப் பார்த்தார். பிறகு வேலியைத் தாண்டி மானிடம் போய், சட்டைப் பையிலிருந்து, மான் இன்னாருடையது என்று காட்டும் தன் வேட்டைச் சீட்டை எடுத்து அதன் கொம்பில் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லையென்று கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டினார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

"லோர்னா, நீதான் சாட்சி! இங்கதான் விழுந்துச்சு, பாத்துக்கோ!" என்று அங்கிருந்து கத்தினார்.

நான் என் கோட்டைக் கழற்றிக் கணவர் மேல் போர்த்தினேன். கால்களில் உணர்வு இல்லை என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகு, "எந்தப் பக்கம் விழுந்துச்சு?" என்று கேட்டார். அவர் தன்னைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது மானை. முப்பத்து மூன்று வருடம் இந்த ஆளுக்குச் சமைத்திருக்கிறேன்.

"நம்ம பக்கம்" என்றேன்.

சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை விடவில்லை.

அந்த மான் விழுந்தது வேலிக்கு அப்பால் நாற்பது அடியில். எந்தச் சர்வேயர் அளந்தாலும் அது ஹாப்டின் மண். சாட்சி கேட்டாரே, கொடுத்துவிட்டேன், அவரிடம் சொல்லுங்கள். இனி என் கணவர் நடக்கமாட்டார் என்று டாக்டர் நேற்று என்னிடம் சொன்னார். அது அவருக்கு இன்னும் தெரியாது. மான் விஷயமும் தெரியாது. முதலாவதை நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டாவதை யாரும் அவரிடம் வாசித்துக் காட்டக் கூடாது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்ததுதான், யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. இந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை.

(கையொப்பம்) லோர்னா வெசலி