ரீல் முடியட்டும்

– இப்ப எத்தினி காட்டுது?

– முப்பத்தொண்ணு.

– நேத்தும் முப்பத்தொண்ணுதான் சொன்ன. முந்தாநேத்தும் அதான். அளத்துல உப்பே வெளஞ்சிடும் போல, உன் ரீல் நவுர மாட்டேங்குது ஆனந்தம்மா.

– நேத்து எங்கேந்து எடுக்கறது? மேடம் வூட்டுத் தோட்டத்துல வேலைய முடிச்சி, ஆரோவில்லேந்து பஸ்ஸ புடிச்சி, நம்ம நிவாரண ஷெட்டுக்கு வந்து சேரும்போதே இருட்டிடுச்சு. வெளிச்சம் இல்லாம அமுக்கி என்னா ஆவப் போவுது?

– இன்னிக்கு ஞாயித்துக்கெழம. குருத்தோலை பூசையும் முடிஞ்சிது. வெயில் இறங்கறதுக்குள்ள மிச்சம் அஞ்சையும் எடுத்துடு. நான் சைக்கிள்ல மரக்காணம் போயி, கண்ணாயிரம் ஸ்டுடியோல குடுத்துட்டு வந்துடறேன். வியாழக்கெழம கழுவித் தர்றேன்னான்.

– உங்க கால பாத்தீங்களா? உப்புத் தண்ணியில வெடிச்சி ரத்தம் கட்டி நிக்குது. இந்தக் காலோட சைக்கிளா?

– கால் கெடக்குது வுடு. சாமியார் இன்னிக்கும் கேட்டாரு. நம்ம குப்பத்துல அன்னிக்கு ஒம்போது மணிக்குக் கடலு தூக்கினு போனவங்க பதினேழு பேரு. ஈஸ்டர் பூசைக்கு எல்லார் படத்தையும் பீடத்துக்கிட்ட வைக்கிறாங்க. பதினாறு படம் வந்துடுச்சாம். நம்ம லிடியா பேர மட்டும் ஒரு அட்டையில எழுதி வச்சிருக்காங்க. பேரு மட்டும். வெறும் பேரு.

– பாத்தேன். எழுத்துகூட கோணலா இருந்துது.

– ஆறு வயசுப் புள்ள. ஞானஸ்நானத்துக்கு எடுத்தது பொட்டியோட போச்சு. ஸ்டுடியோல நெகட்டிவ் கேட்டா, அஞ்சாறு வருஷத்துக்கு எவன் வச்சிருப்பான்றான். பள்ளிக்கூடத்துல குரூப் போட்டோ எடுத்த அன்னிக்குன்னு பாத்து காய்ச்சல்ல படுத்துக்கினா. இந்த கேமரா டப்பாவுக்குள்ள இருக்கற அவ படம் பன்னண்டுதான் நமக்கு மிச்சம். நீ என்னாடான்னா செடிக்கும் கொடிக்கும் நல்ல நேரம் பாத்துனு இருக்கற.

– வீணா அமுக்கக் கூடாதுங்க.

– ஏன் கூடாது? சுவத்த எடு. வானத்த எடு. முப்பத்தாறு முடிஞ்சாப் போதும்.

– அவ படத்துக்குப் பக்கத்துலயே ஒட்டினு இருக்கப் போவுது, லிடியாப்பா. சுவரும் தார் ஷீட்டுமா இருக்கணும்?

– சரி, பூவையே எடு. சீக்கிரம் எடு.

– இருங்க. கனகாம்பரம் காத்துல ஆடுது.

– கண்ணாயிரம் அன்னிக்கே சொன்னான். பாதியிலயே சுத்திக் குடு, இருக்கற வரைக்கும் கழுவித் தர்றேன்னான். நீதான் வேணாம்னுட்ட.

– பாதியில சுத்தினா ரீல் அறுந்துடும்னு மேடம் சொல்லியிருக்காங்க.

– மேடம் சொன்னா சரிதான். கேமராவ குடுத்த மகராசி. கிறிஸ்மசுக்கு எல்லாருக்கும் புடவையும் கேக்கும் குடுத்தாங்க, உனக்கு மட்டும் கேமரா. தோட்டத்துல ஒவ்வொரு செடியா படம் புடிச்சி நோட்டுல ஒட்டற வேலைய உனக்குத்தானே கத்துக் குடுத்தாங்க.

– ம்.

– ஆனா ஒண்ணு. கேமரா அவங்களுது, படம் புடிச்சது நீ, ரீல மாட்டுனது நானு. கண்ணாயிரம் மாட்டித் தர்றேன்னான். போடா, உப்பளத்து எஞ்சினையே பிரிச்சி மாட்டறவன், இந்த டப்பாவ மாட்ட மாட்டேனான்னு வாங்கினு வந்தேன். நுனிய சொருவி, மூடிய மூடினேன். டக்குன்னு ஒரு சத்தம். லிடியா கை தட்டினா, ஞாபகம் இருக்குதா?

– இருக்குது. தோ, எடுத்துட்டேன். முப்பத்திரெண்டு.

– அப்பாடா. அடுத்து என்னா?

– சவரியம்மா ஆடு குட்டி போட்டிருக்குது, பாருங்க. ரெண்டு குட்டி. ஒண்ணு நிக்கவே தெரியாம தள்ளாடுது.

– எடு, எடு. ஏ, இரு. அந்தப் பின்னாடி மூடி லேசா தூக்கினாப்புல தெரியுதே. கொண்டா, ஒருதரம் தெறந்து நல்லா அழுத்தி மூடறேன்.

– தொடாதீங்க!

– ஏன்டி கத்தற? ஆடு ஓடுது பாரு.

– தெறக்கவே கூடாதுங்க. வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும். லிடியா போயிடுவா.

– சரி சரி. தொடல. அத நெஞ்சோட அணைச்சினு நிக்கற, யாரும் புடுங்கல. காலையிலேந்து ஏதாச்சும் சாப்ட்டியா?

– தவக்காலத்துல ஒருவேளை விட்டா என்னா? நகுருங்க, உங்க நெழல் விழுது. முப்பத்திமூணு.

– இன்னும் மூணு. நாயை எடு. மணி! டேய் மணி! இந்தப் பக்கம் பாருடா.

– அது பாக்காதுங்க. இதத் தூக்கினாலே மூஞ்சத் திருப்பிக்குது. அன்னிக்குக்கூட லிடியா ரெண்டு கையாலயும் அது தாடைய புடிச்சி வச்சினு இருந்தா.

– அது மூணாவது படம்.

– மூணாவதா?

– பின்ன? மொதப் படம், கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்குக் கீழ நிக்கறா. ரெண்டாவது, குடிலுக்கிட்ட, மாட்டுப் பொம்மைய எடுத்துக் கையில வச்சினு. மூணாவது மணியோட. நாலாவது, செவப்பு கவுன ரெண்டு பக்கமும் விரிச்சிக்கினு. அஞ்சாவதுல பல்லக் காட்டறா, மேல் பல்லு ரெண்டும் இல்ல. ஏழாவது வீணாப் போயிருக்கும், தலையத் திருப்பிட்டா. பன்னண்டாவது என் தோள் மேல. அளத்துல பாத்தி மிதிக்கறப்ப ஒவ்வொரு மிதிக்கும் ஒண்ணொண்ணா சொல்லிக்கினே மிதிப்பேன். பன்னண்டு முடிஞ்சா மறுபடி மொதலேந்து. கால் வலியே தெரியாது.

– போதும், லிடியாப்பா.

– நாலாவதுதான் சாமியாருக்கு. பெருசாப் போடச் சொல்லணும். பிரேம் வாங்கி வச்சிட்டேன்.

– எப்ப வாங்கினீங்க?

– போன வாரமே. உன்கிட்ட சொல்லல. கஞ்சிப் பானைக்குப் பின்னாடி, சாக்குல சுத்தி வச்சிருக்கேன். கண்ணாடி போட்டது. ஏன் அப்படிப் பாக்கற?

– ஒண்ணுமில்ல. அசதி. நின்னா கண்ணு கட்டுது.

– எனக்கும்தான். ராத்திரி ஷெட்டுல புழுக்கம், பகல்ல அளத்துல வெள்ள வெயிலு. இது முடிஞ்சி, அவ படத்த ஒருதரம் பாத்துட்டன்னா, ஒருநாள் பூரா அடிச்சிப் போட்டாப்புல தூங்குவேன். நாய எடுத்துட்டியா?

– முதுகுதான் கெடச்சிது. முப்பத்திநாலு.

– முதுகே போதும். அங்க பாரு, கரண்டு கம்பியில மீன்கொத்தி. என்னா நீலம்! கண்ணப் பறிக்குதே.

– தூரமா இருக்குதுங்க. புள்ளி மாதிரிதான் வரும்.

– வரட்டுமே. கடலு உள்ள வந்தப்புறம் இந்தப் பக்கம் ஒரு குருவியும் காணோம்னு குப்புசாமி சொல்லினு இருந்தான். இப்ப அளத்துல உள்ளான் வந்து எறங்கியிருக்குது, கொக்கு வந்திருக்குது, தோ மீன்கொத்தி. வரவேண்டியதெல்லாம் வந்துடுச்சு. எடு.

– முப்பத்தஞ்சு.

– கடைசி ஒண்ணு. இத நல்லா எடுக்கணும். முருங்கை பூத்திருக்குதே, அத எடேன். மூணு மாசம்கூட ஆவல, நட்ட போத்து துளுத்து பூவும் வச்சிடுச்சு. ஷெட்டு மண்ணுல இது வரும்னு எவனும் நம்பல.

– அதுக்குப் பக்கத்துல நீங்க நில்லுங்க.

– நானா? இந்தத் தாடியோடயா? வேணாம்.

– நில்லுங்க லிடியாப்பா. நான் கேட்டு எதாச்சும் செஞ்சிருக்கீங்களா?

– தோ, நின்னுட்டேன். சிரிக்கல்லாம் மாட்டேன்.

– சிரிக்க வேணாம். என்னப் பாருங்க, போதும்.

– ஏன் இவ்ளோ நேரம் பாக்கற? அமுக்கு.

– பாத்துக்கறேன். இருங்க.

– அமுக்குடி.

– முப்பத்தாறு.

– முடிஞ்சிதா! அம்மாடி. மாதாவே, முடிஞ்சிது. குடு, நான் கெளம்பறேன்.

– இன்னிக்கு வேணாங்க. நாளைக்கு நானே பஸ்ல எறங்கிக் குடுத்துட்டுப் போறேன்.

– நாளைக்குக் குடுத்தா வியாழக்கெழம வராது. குடு இப்படி. இரு, முப்பத்தாறுக்கு மேல ஒண்ணு ரெண்டு கூடுதலா விழும்னு கண்ணாயிரம் சொல்லியிருக்கான். எல்லாரையும் எடுத்த, உன்ன யாரு எடுத்தா? நில்லு அங்க.

– ஐயோ, வேணாங்க. அந்தக் கட்டைய வலிக்காதீங்க.

– தோ பாரு, வருதே! முப்பத்தேழு. நில்லு. எடுத்துட்டேன். இன்னொண்ணு வருதா பாப்போம். அட, முப்பத்தெட்டு! நம்ம ரீல் ராசியான ரீலுடி. உனக்குத்தான், இன்னொரு தரம்.

– போதும், வைங்க.

– முப்பத்தொம்போது. ஆனந்தம்மா, இது என்னா, நிக்கவே மாட்டேங்குது?

– குடுங்க இப்படி.

– ரீல் தீந்தா இந்தக் கட்டை அதுக்கு மேல வலிக்க வராதுன்னான். இது தண்ணியில கை வுட்டாப்புல போவுது, வருது. மொதல்லேந்தே இப்படித்தானா?

– மொதல்லேந்தே இப்படித்தான்.

– அப்படின்னா?

– எடது பக்கம் மேல ஒரு குமிழ் இருக்குது பாருங்க. இப்ப வலிச்சினே அதப் பாருங்க.

– பாத்தேன். சும்மாதான் இருக்குது.

– அது சுத்தணும். ரீல் உள்ள ஓடுனா அதுவும் கூடவே சுத்தும். சுத்தலன்னா ரீல் ஓடல. நம்பர் மட்டும்தான் ஓடுது.

– நுனிய நான் சொருவினேனே.

– கழண்டுகிச்சி. புதுக் கேமரா, யாரு மாட்டியிருந்தாலும் கழலும்.

– டக்குன்னு சத்தம் கேட்டுதே ஆனந்தம்மா.

– அது மூடி மூடுன சத்தம்.

– அப்ப நட்சத்திரம்? கவுனு? என் தோளு மேல?

– எதுவும் விழல. தெறங்க. தெறந்து பாருங்க. வெளிச்சம் பட்டா போறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல.

– நுனி அப்படியே வெளிய நீட்டினு கெடக்குதே.

– கீழ போட்டுடாதீங்க. உக்காருங்க. இப்படி உக்காருங்க.

– மேடத்துகிட்ட குடுத்து சரி பண்ணிருக்கலாமே. சொல்லியாச்சும் இருக்கலாமே. மூணு மாசம்டி. நாய் முதுகு, ஆட்டுக்குட்டின்னு ஒண்ணுமில்லாத டப்பாவ தூக்கினு சுத்துன.

– சரி பண்ணிருந்தா ரீல் முடிஞ்சிருக்கும். கழுவியிருப்பீங்க. ஆடும் நாயும் மட்டும் வந்திருக்கும், அவ வந்திருக்க மாட்டா. ஜனவரி பூரா எப்படிக் கெடந்தீங்க, தெரியுமா? தண்ணிகூட எறங்கல. ஒருநாள் நீங்களா எழுந்து உக்காந்து, கேமராவுக்குள்ள இருக்காளேடின்னீங்க. அன்னிக்குத்தான் கஞ்சி குடிச்சீங்க. மறுநாள் அளத்துக்குப் போனீங்க. அப்ப எந்த வாயால சொல்றது?

– உனக்கு எப்பத் தெரியும்?

– வேணாங்க, வுடுங்க.

– எப்படி, எப்பத் தெரியும்? சொல்லு.

– கடலு வந்த அன்னிக்குக் காலையிலயே தெரியும். விருந்தாளிங்க வர்றாங்க, வாடின்னு மேடம் கூப்ட்டாங்கன்னு ஏழு மணி பஸ் ஏறினேன் இல்ல? புள்ளைய உங்ககிட்ட வுட்டுட்டு, கேமராவக் கூட்டினு போனேன். அவங்க வாங்கி ஒருதரம் வலிச்சிப் பாத்துட்டு, ஆனந்தம்மா, எதுவும் விழலயேன்னாங்க. மதியம் சரி பண்ணித் தர்றேன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, லிடியாப்பா. எஞ்சின் பிரிக்கற ஆளு டப்பாவ மாட்டுன லட்சணத்த உங்ககிட்ட சொல்லிச் சிரிக்கணும், சாயங்காலம் வந்து அதே செவப்பு கவுன போட்டு அவள நிக்க வச்சி பன்னண்டையும் திரும்ப எடுத்துக்கலாம்னு, ஒம்போது மணிக்குக்கூட அதத்தான் நெனச்சினு களை புடுங்கினு இருந்தேன்.