தினமும் எழுத வேண்டிய பேனா

இன்ஸ்பெக்டரம்மா, நீங்கள் கொடுத்த பால்பாயிண்ட் பேனா எனக்குச் சரிப்படாது. அழுத்தி அழுத்தி எழுத வேண்டும், விரல் கணு வலிக்கும். என் சட்டைப்பையில் என் பேனாவே இருக்கிறது. ஒரு மாசமாக மகளைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்தவனை உட்காரவைத்து, அவள் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து போய்விட்டாள் என்றீர்கள். நடந்ததைக் கைப்பட எழுதச் சொன்னீர்கள். சரி, எழுதித் தருகிறேன்.

என் பெயர் சுந்தரலிங்கம். அல்லிநகரத்தில் குடியிருக்கிறேன். லோயர் கேம்ப்பில் மின்நிலைய அலுவலகத்தில் ஹெட்கிளார்க்காக இருந்து தொண்ணூற்றேழில் ஓய்வு பெற்றேன். கூட வேலை பார்த்தவர்கள் மோதிரம் போடுவதாகச் சொன்னார்கள். அதெல்லாம் வேண்டாம், ஒரு நல்ல பேனா போதும், நானே பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தேனி கடைவீதியில் ராஜமணி கடையில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்தேன். பேனா எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பளபளப்பைப் பார்த்து எடுத்தால் மோசம் போவோம். மூடியைப் பின்னால் செருகினால் பாரம் இழுக்கக் கூடாது. நிப்பு தாளைக் கீறக் கூடாது, அதற்காக வழுக்கவும் கூடாது. மை தானாக இறங்க வேண்டும். ராஜமணி ஒவ்வொன்றாக மையில் தொட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "என்ன சார், பொண்ணு பாக்கக்கூட இம்புட்டு நேரம் ஆகாது போல" என்று சிரித்தார். அப்போது கெட்டி ரப்பரில் கடைந்த கறுப்பு எபனைட் பேனா ஒன்று என் கையில் வந்து உட்கார்ந்தது. அதுதான் இது.

நல்ல பேனாவுக்கு ஒரே நிபந்தனைதான். தினமும் எழுத வேண்டும். சும்மா போட்டு வைத்தால் நிப்புக்கு அடியில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அள்ளவில்லை என்று மனு எழுதினேன். விளக்கும் எரிந்தது, சாக்கடையும் அள்ளினார்கள். அப்புறம் எழுத ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ராக்கம்மாள் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் நானும் மகள் வேல்விழியும் மட்டும். தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை என் பேனாவைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, மை நிரப்பித் தருவாள். ஒரு சொட்டு சிந்தாது. வேறு யாருக்கும் அந்தப் பக்குவம் வராது.

முதல் வரன் பண்ணைப்புரத்திலிருந்து வந்தது. தோட்டம் துரவு உள்ள நல்ல குடும்பம். பெண்ணைப் பிடித்துப்போய், பூ வைக்க நாள் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் வேல்விழி பள்ளிக்கூடம் போனதும், மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நாலு வரி எழுதினேன். பெயர் போடவில்லை. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று மட்டும்தான் எழுதினேன். அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை. ஆனால் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மொட்டைக் கடிதத்துக்கு இந்தப் பேனா ஆகாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பால்பாயிண்ட் ஒன்று வாங்கியும் வைத்தேன். ஒரு வரி எழுதினேன், மனசு ஒப்பவில்லை. எழுத்தை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டேன், பேனாவை மாற்றவில்லை.

நம் பக்கத்து மனிதர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். இப்படி ஒரு கடிதம் வந்தது என்று பெண் வீட்டில் சொல்ல மாட்டார்கள். தரகர் ஒச்சாண்டி வந்து, "சாதகம் பொருந்தலையாம் சார், வருத்தப்பட்டுத்தான் சொன்னாக" என்பார். அத்தோடு முடிந்துபோகும். பிறகு சின்னமனூர் வரன், கம்பம் வரன் என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாருக்கும் சாதகம்தான் பொருந்தவில்லை. வலிப்பையே திரும்பத் திரும்ப எழுத எனக்கே அலுப்புத் தட்டியது. தாய்வழியில் பைத்தியம் என்று எழுதினேன். போகப்போக வேறு சிலதும் எழுத வேண்டியிருந்தது.

வேல்விழி வீரபாண்டி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தீச்சட்டி எடுத்தாள். விரதம் இருந்தாள். முகத்துக்கு என்னென்னவோ கிரீம் பூசினாள். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "யப்பா, எங்கிட்ட அப்பிடி என்னதான் கொறை? வாரவுக எல்லாம் சிரிச்சுப் பேசிட்டுத்தான போறாக" என்று கேட்டாள். எனக்கு ரொம்பச் சங்கடமாகப் போயிற்று. "நேரம் வரலத்தா" என்றேன். மறுநாள் அதே கிரீமில் பெரிய டப்பாவாகப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தேன். தகப்பன் என்றால் இதெல்லாம் செய்யத்தான் வேண்டும்.

அவளுக்கு முன்னந்தலை நரைத்தது. வரன்கள் நின்றன. அப்பாடா, இனிமேல் ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்தபோது ஜஸ்டினின் அம்மா வந்தாள். ஜஸ்டின் போடியில் ஏலக்காய் மண்டியில் வேலை பார்க்கிறவன். வேல்விழிக்கு அவனைப் பழக்கமாம். எனக்கு அவர்கள் வேதக்காரர்கள் என்பதில்கூட வருத்தம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, உட்கார்ந்து எழுதினேன். கல்யாணம் ஆகாமலே கருக்கலைத்தவள் என்று எழுதினேன். வாக்கியங்கள் நன்றாக விழுந்திருந்தன.

நான் கோட்டைவிட்டது அங்கேதான். அவர்கள் சாதகம் பார்க்கிறவர்கள் இல்லை. பொருந்தவில்லை என்று சொல்லி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள அவர்களுக்கு வழியே கிடையாது. அந்த அம்மாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், "நாங்க நம்பலம்மா. யாரு வேலைன்னு நீயே பாரு" என்று வேல்விழி கையிலேயே கொடுத்துவிட்டாளாம்.

என் நிப்பு இத்தனை வருஷத்தில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிட்டது. கீழே இழுத்தால் தடிப்பு, குறுக்கே போனால் மயிரிழை. வாராவாரம் அதைக் கழுவித் துடைத்து, எழுதிப் பார்த்துத் தந்தவள் அவள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. சாயங்காலம் கடிதத்தை என் மேஜையில் விரித்து வைத்தாள்.

"இத எழுதுனது நீங்கதானப்பா?"

நான் தாளைப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட மை அப்பவில்லை. "ஆமாத்தா" என்றேன்.

"பண்ணைப்புரத்துக்காரவுகளுக்கும்?"

"ஆமா."

"அம்புட்டுப் பேருக்குமா?"

தலையாட்டினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "ஏம்ப்பா?" என்றாள்.

"பேனா காஞ்சிரக் கூடாதுல்லத்தா" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

சோறாக்கிப் போட ஆள் வேண்டுமென்றா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். சோறு ஓட்டலில் கிடைக்கும். அவள் இளகின மனசுக்காரி, போகிற இடத்தில் பிழிந்து எடுத்துவிடுவார்கள். அதிலிருந்து காப்பாற்றினேன். அது அவளுக்கு இன்னும் புரியவில்லை.

மேலே எழுதியதெல்லாம் நான் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். அவள் மேஜர், ஜஸ்டினைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டாள், விலாசம் தர முடியாது என்கிறீர்கள். வேண்டாம். தேடிப் போய்ச் சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை, ரொம்பக் களைப்பாக இருக்கிறது. அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த ஹெட்மாஸ்டருக்கு நாலு வரி எழுத வேண்டும். வேலை போய்விட்டால் வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்தத் தடவை என் பெயரைப் போட்டே எழுதுகிறேன்.